பொது நிலத்தின் கணக்கை வளைக்க மறுத்த சாந்தாமணி அவர்களுக்கு

பணி ஓய்வு பெறும் மூத்த கணிப்பாளர் முனைவர் சாந்தாமணி சேனாபதி அவர்களுக்கு, நியூ ஜெர்சி மாநிலம் வெஸ்ட் வின்ட்சரில் கூடி, உடன் உழைத்தோர் உவந்து படிக்கும் மடல்

தாராபுரம் தந்த தகைமையே! டெக்சஸ் தேர்ந்த திறமையே! நியூ ஜெர்சி நிமிர்ந்து நோக்கும் நேர்மையே! பாலை நிலத்தின் விலையைப் பகட்டின்றிப் பகர்ந்த பண்பே! கேட்டவர் விரும்பிய எண்ணைக் கொடாமல், கேட்ட கேள்விக்கு உரிய எண்ணையே கொடுத்த கொள்கைக் குன்றே! எங்கள் அக்காவே! வணக்கம்.

இது நடக்கக் கூடாது என்று நினைக்கப்பட்ட விழா. உங்கள் பிரிவுபசாரத்துக்கு அலுவலகக் கூட்ட அறையைக் கேட்டோம். "இப்போதைய சூழலில் பொருத்தமில்லை" என்று பதில் வந்தது. வேண்டுமானால் பேன்ட்ரியில் ஒரு கேக் வெட்டிக்கொள்ளலாமாம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்தவருக்கு, பால் பாட்டில்களுக்கும் பேப்பர் கப்புகளுக்கும் நடுவே ஒரு கேக்! வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இந்தச் சமுதாயக் கூடத்தை எங்கள் செலவில் எடுத்தோம். வாழையிலை போட்டோம். மைக் வைத்தோம். இப்போது உரக்கவே படிக்கிறோம்.

ஏன் தமிழில் என்று கேட்பீர்கள். போன ஆண்டு நடந்ததைப் பற்றி ஆங்கிலத்தில் எது எழுதினாலும் முதலில் சட்டப் பிரிவுக்குக் காட்ட வேண்டும் என்பது உத்தரவு. தமிழைப் பற்றி அந்த உத்தரவில் ஒரு வரியும் இல்லை. எங்கள் குழுவில் தமிழ் தெரியாதவர் டயான் ஒருவர்தான். அவர் பக்கத்தில் உங்கள் மகள் வெண்பா உட்கார்ந்து காதோடு காதாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகவே எவரும் விடுபடவில்லை; எதுவும் விடுபடப் போவதுமில்லை.

கணிப்புக் கலையின் காவலரே!

இங்கே வந்திருக்கும் அண்டை வீட்டாரில் பாதிப் பேர் உங்களை ரியல் எஸ்டேட் ஏஜென்ட் என்றே இத்தனை காலமும் நம்பியிருக்கிறார்கள். "ஆன்ட்டி, நம்ம ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல நல்ல வீடு ஏதாவது வருதா?" என்று கொலு வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. மேற்கு மாநிலங்களில் ஃபெடரல் அரசுக்குப் பொது நிலம் கடலெனக் கிடக்கிறது: பாலையும் மலையும், புல்வெளியும் காடும். அதில் ஒரு பங்கை விற்றுக் கடனை அடைப்போம், வீடு கட்டுவோம் என்று அவ்வப்போது ஒரு சட்ட வரைவு கிளம்பும். கிளம்பும்போதே ஒரு பெருந்தொகை மாலை போட்டுக்கொண்டு கூடவே வரும். அந்தத் தொகை மெய்தானா என்று பார்ப்பதுதான் அக்காவின் வேலை.

விற்றால் பணம் வரும். அது குழந்தைக்கும் தெரியும். விற்ற நிலத்திலிருந்து ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த மேய்ச்சல் கட்டணமும் எண்ணெய்க் குத்தகையும் நின்றுபோகுமே, அதைக் கழித்தாயா என்று நீங்கள் கேட்பீர்கள். நிலத்தை அளக்கவும் மதிப்பிடவும் ஆகும் செலவைச் சேர்த்தாயா என்பீர்கள். இப்போதுள்ள சட்டப்படியே விற்கப்படவிருக்கும் நிலத்தை, புதுச் சட்டம் கொண்டுவந்த வரவு போல மறுபடியும் எழுதியிருக்கிறாயா என்று கண்ணாடியை இறக்கிப் பார்ப்பீர்கள். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் சந்தையில் கொட்டினால் தக்காளி விலை போலத்தான் விழும் என்பீர்கள். அத்தோடு விடாமல், விற்ற நிலத்தில் காட்டுத்தீ அணைக்கும் செலவு அரசுக்கு மிச்சமாகுமே, அந்த நல்லதையும் மறக்காமல் எழுது என்பீர்கள்.

கோவையில் வேளாண் பொருளாதாரம் படித்தீர்கள். டெக்சஸில் முனைவர் பட்டம் பெற்று, காப்பெலில் குடியிருந்து, டாலஸ் சுற்றுவட்டாரப் பண்ணை நிலங்களுக்கு விலை மதித்தீர்கள். பிறகு இங்கே வந்து, ஒரு மேசையில் தொடங்கிய பிரிவை ஒரு குழுவாக வளர்த்தீர்கள். அருளே உருவானவர், அதிர்ந்து பேசாதவர் என்றெல்லாம் எழுதினால் நீங்களே சிவப்பு மையால் அடித்துவிடுவீர்கள். நீங்கள் கோபக்காரர். எக்செல் தாளில் காரணமில்லாமல் கலர் அடித்தவர்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். "தோராயமா" என்று எவராவது சொன்னால், "எத்தனைக்கு எத்தனை தோராயம்?" என்று கேட்டு உட்காரவைத்துவிடுவீர்கள். அந்தக் கோபத்தின் கீழ் வேலை கற்றவர்கள் நாங்கள். அதைச் சொல்லிக்கொள்வதில் எங்களுக்குப் பெருமைதான்.

களம் கண்டு கணக்கிட்டவரே!

அகிலன் பணியில் சேர்ந்த ஆண்டு. நெவாடாவில் ஒரு நிலத் தொகுதியை வீட்டு மனை விலைக்கு மதித்து ஒரு திட்டம் வந்தது. தார்ச்சாலை ஓரத்து நிலம் என்று வரைபடம் சொன்னது. "போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்றீர்கள். வாடகைக் கார் ஒரு வறண்ட ஓடையின் மணலில் போய்ப் புதைந்தது.

"அக்கா, ஜிபிஎஸ்ல ரோடு காட்டுது!" என்றார் அகிலன்.

"ஜிபிஎஸ்ல இருக்குது அகிலன். தரையில இல்லையே!"

அனல் பறக்கும் வெயிலில் இறங்கி நின்று, நாற்புறமும் பார்த்து, "தண்ணி எங்கிருந்து வரும்னு இந்தத் திட்டத்துல யாராவது எழுதியிருக்காங்களா?" என்று கேட்டீர்கள். எவரும் எழுதவில்லை. அந்த நிலத்துக்கு நீர் உரிமையே கிடையாது என்பது ஊர் திரும்பி விசாரித்தபோது தெரிந்தது. மனை விலை மேய்ச்சல் நில விலையானது. திட்டம் தந்தவர்கள் முகம் சுளித்தார்கள். "மனைன்னு போட்டவங்க, மனுசன் தண்ணி குடிப்பான்கறத மறந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பை எடுத்தீர்கள்.

ஒரு பக்கம் சாய்ந்தவர் என்று உங்களை ஏசுவோர் இன்றும் உண்டு. அவர்களுக்கு நாங்கள் சொல்லும் விடை ஒரு பூங்கொத்து. அந்த நெவாடா மதிப்பீட்டைப் பார்த்து மகிழ்ந்த ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு, ஆளுயரப் பூங்கொத்து ஒன்றை அலுவலகத்துக்கு அனுப்பியது. அந்தப் பூ வாடுவதற்குள், வளரும் நகரம் ஒன்றின் விளிம்பிலிருந்த அரசு நிலத்தை விற்பது பற்றி வேறொரு கணிப்பு வந்தது. அந்த விற்பனையை அதே அமைப்பு எதிர்த்தது. நீங்களோ, விற்றால் சொன்னதைவிடக் கூடுதலாகவே வரும் என்று எழுதிவிட்டீர்கள். தொலைபேசி வந்தது. நம்ம பக்கம் என்று நினைத்தோமே என்று அவர்கள் குறைப்பட்டார்கள். நீங்கள் ஆங்கிலத்தில் சொன்ன மறுமொழியை உங்கள் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நான் யாரு பக்கமும் இல்லீங்க. பூவத் திருப்பி எடுத்துக்கறதுன்னா ரிசப்ஷன்ல தான் இருக்குது. தண்ணி மாத்திக்கிட்டுத்தான் இருக்கோம்."

அச்சுறுத்தலுக்கு அசையாத அக்காவே!

போன ஆண்டு வசந்த காலத்துக்கு வருகிறோம். இதைச் சொல்லத்தான் இந்தக் கூடத்தை எடுத்தோம்.

அது மிகப் பெரிய விற்பனைத் திட்டம். அதை முன்வைத்தவர்கள் வரவுத் தொகையைப் பத்திரிகைகளுக்கு முன்பே அறிவித்துவிட்டு, அதைச் சரிபார்க்கும் வேலையை நம் நிறுவனத்திடம் தந்தார்கள். குழு முழுவதும் உட்கார்ந்து கணக்கிட்டோம். வரக் கூடிய தொகை, அறிவித்ததில் பாதியைக்கூடத் தொடவில்லை. துணைத் தலைவர் வாஞ்சிநாதன் உங்களைத் தம் அறைக்கு அழைத்தார். கதவு திறந்தே இருந்ததால் நாங்கள் அனைவரும் கேட்டோம்.

"சாந்தாமணி, பொய் சொல்லுங்கன்னு நான் கேக்கல. உங்க ரேஞ்ச்லயே மேல ஒரு நம்பர் இருக்கு இல்லையா, அத ரிப்போர்ட் பண்ணுங்க. அவ்வளவுதான்."

"அந்த நம்பர் வரோணும்னா எல்லா நிலமும் முதல் வருசமே விக்கோணும். நல்ல விலைக்கு விக்கோணும். ஒருத்தரும் கோர்ட்டுக்குப் போகக் கூடாது. அப்படி ஒரு வருசத்த நீங்க பாத்திருக்கீங்களா சார்?"

"கிளையன்ட் ஏற்கெனவே அனவுன்ஸ் பண்ணிட்டாங்க."

"பண்ணிட்டு அப்புறம் எதுக்குங்க நம்மகிட்ட கேக்கறாங்க?"

வாஞ்சிநாதன் குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் கேட்டது. "கான்ட்ராக்ட் போனா உங்க டீம் போயிடும். வேலுமணிக்கும் விசாலாக்ஷிக்கும் விசா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நேரே எங்களிடம் வந்தீர்கள். உள்ளே பேசியதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் எங்களிடம் சொன்னீர்கள். "நான் மாத்தப் போறதில்ல. உங்களுக்குத் தெரியாம இதைச் செய்யக் கூடாதுன்னு சொல்றேன்" என்றீர்கள்.

விசாலாக்ஷி பொறுக்கவில்லை. "அக்கா, உங்களுக்கு சிட்டிசன்ஷிப் இருக்கு. நீங்க நேர்மையா இருக்கலாம். எனக்கு வேலை போச்சுன்னா ரெண்டு மாசத்துல பெட்டி கட்டணும். என் பொண்ணு இப்பதான் செகண்ட் கிரேடு!"

"உன் கோபம் நியாயம் விசாலா" என்றீர்கள். "நம்பர மாத்த மாட்டேன். ஆனா உங்கள நடுத்தெருவுல நிறுத்திட்டு ரிப்போர்ட் அனுப்பவும் மாட்டேன். எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க."

டயான், தமிழில் என்ன பேசுகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தம் கைப்பையிலிருந்து டிஷ்யூவை எடுத்து விசாலாக்ஷியிடம் நீட்டினார்.

அதன் பிறகு நடந்ததை இந்த ஊர் அறியாது. டெக்சஸில் உங்களோடு படித்தவர்கள், டாலஸில் உங்களோடு வேலை பார்த்தவர்கள், எப்போதோ ஒரு மாநாட்டில் உங்களிடம் வாதாடித் தோற்றவர்கள் என ஒருவர் விடாமல் அழைத்தீர்கள். எவரிடமும் உதவி கேட்டுப் பழக்கமில்லாத நீங்கள், இருவருக்கும் வேலை கேட்டீர்கள். மதிய உணவை மறந்து, பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்து, "ஏனுங்க, நல்ல ஆளுங்க, நானே கூட வெச்சு வேலை வாங்கியிருக்கறேன்" என்று நீங்கள் மன்றாடியதை நாங்கள் ஜன்னல் வழியே பார்த்தோம். உங்களைப் பணிந்து பேசவைக்க ஒரு துணைத் தலைவரால் முடியவில்லை. எங்கள் பொருட்டு நீங்களே பணிந்தீர்கள். அந்தப் பணிவைவிடப் பெரிய நிமிர்வை நாங்கள் கண்டதில்லை!

சான் ஹோசேயில் காட்டுத்தீ ஆபத்தை மதிப்பிடும் ஒரு நிறுவனம் வேலுமணியை எடுத்துக்கொண்டது. காப்பெலில் ஒரு நில மதிப்பீட்டு நிறுவனம் விசாலாக்ஷிக்கு வேலை தந்தது. இருவருக்கும் விசா மாற்றம் கைக்கு வந்த பிறகே, கெடு முடியும் நாளில், ஒரு புள்ளியும் மாறாத அந்த அறிக்கையை அனுப்பினீர்கள். டெக்சஸிலிருந்து விமானமேறி வந்து, இந்த மேடையில் நின்று, இந்த மடலை இப்போது படித்துக்கொண்டிருப்பவர் அதே விசாலாக்ஷிதான்.

அவையஞ்சா ஆற்றலே!

உங்கள் அறிக்கையை நிறுவனம் ஒதுக்கிவைத்தது. வேறொரு குழுவை வைத்து மேல் நுனி எண்ணையே எழுதி அனுப்பியது. ஆனால் உங்கள் கணிப்பு ஒன்று இருப்பது எப்படியோ தெரிந்து, அந்த வரைவை விசாரித்த நாடாளுமன்றக் குழு சாட்சியம் சொல்ல உங்களையே அழைத்தது.

"நீங்க போனா கம்பெனி சார்பா போகல. அது நினைவிருக்கட்டும்" என்றார் வாஞ்சிநாதன்.

"சரிங்க. லீவு போட்டுட்டுப் போறேன்" என்றீர்கள்.

பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி வாஷிங்டன் போனீர்கள். நாங்கள் இங்கே கூட்ட அறைத் திரையில் நேரலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். கேள்வி மேல் கேள்வி வந்தது. கடைசியில் ஓர் உறுப்பினர் பொறுமை இழந்தார்: விற்றால் பணம் வருமா வராதா, ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்.

நீங்கள் ஒலிவாங்கியைச் சற்றே அருகில் இழுத்தீர்கள். வரும் என்றீர்கள். அறிவிக்கப்பட்ட அளவு வராது என்றீர்கள். ஒரு முறை வந்தது மறுமுறை வராது. இப்போது ஆண்டுதோறும் வருவதும் அதோடு நிற்கும் என்றீர்கள்.

நான் கேட்டது ஒரே ஒரு சொல் என்றார் அவர்.

ஒரே சொல்லில் பதில் சொல்லக் கூடிய கேள்வியாக இருந்தால் என்னை அழைத்திருக்க மாட்டீர்கள் என்றீர்கள்.

டயான் மேசையைத் தட்டிய தட்டில் காப்பி கவிழ்ந்தது. அந்தக் கறை இன்னும் கூட்ட அறைக் கம்பளத்தில் இருக்கிறது. எங்களுக்கு அந்த அறை ஏன் மறுக்கப்பட்டது என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்!

சில வாரங்களில் அந்த விற்பனைப் பிரிவு வரைவிலிருந்து நீக்கப்பட்டது. அகிலன் துள்ளிக்கொண்டு வந்தார்: "அக்கா, நம்மளாலதான?"

"இல்லப்பா. ஓட்டு பத்தல, அதான். ஆனா ஓட்டுப் போட்டவங்க கையில சரியான நம்பர் இருந்துச்சு. நம்ம வேலை அவ்வளவுதான்."

வெற்றியிலும் தோராயம் பேச மறுத்தவர் நீங்கள்!

உங்களை வெளியேற்ற அவர்களுக்குத் துணிவில்லை; ஓரங்கட்ட மட்டும் துணிந்தார்கள். காப்பியர் இயந்திரத்தின் பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். மற்றவர்களின் அறிக்கையில் எழுத்துப் பிழை பார்க்கச் சொன்னார்கள். நீங்கள் எழுத்துப் பிழையோடு எண் பிழையையும் சேர்த்துப் பார்த்தீர்கள். முன்கூட்டியே ஓய்வு பெற்றால் கூடுதல் சலுகை என்று ஆசை காட்டினார்கள். "எனக்குன்னு ஒரு தேதி இருக்குது. அன்னிக்குப் போறேன்" என்று சொல்லி, சொன்ன தேதி வரை சொன்ன நேரத்துக்கு வந்தீர்கள். நேற்று அந்தத் தேதி. உங்களை எவரும் அனுப்பவில்லை, நீங்களாகவே போகிறீர்கள். அதை இந்தக் கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் அறியட்டும்!

எங்கள் அன்புக்கு உரியவரே!

இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. உங்களிடம் முன்பே சொன்னால் தடுத்துவிடுவீர்கள் என்று பயந்து, மேடையில் சொல்வதற்கென்று மறைத்துவைத்தோம். சேனாபதி அண்ணா, அக்காவின் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதே விற்பனைத் திட்டம் புதுப் பெயரில் திரும்பி வந்திருக்கிறது. போன வாரம் அது அகிலனின் மேசைக்கும் டயானின் மேசைக்கும் வந்தது. கணக்கிடச் சொல்லி வரவில்லை. தொகை முன்பே நிரப்பப்பட்டிருந்தது. கையெழுத்து இட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. இருவரும் வார இறுதி வரை யோசித்தார்கள். டயானின் கணவருக்கு இப்போது வேலை இல்லை. அகிலன் மூன்று மாதம் முன்புதான் வீடு வாங்கினார். இன்று காலை, இங்கே வாழையிலை போட வருவதற்கு முன்னால், இருவரும் சேர்ந்து ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்கள். ஆங்கிலத்தில்தான், சட்டப் பிரிவுக்கும் நகல் வைத்துத்தான் அனுப்பினார்கள். இந்தத் தொகையை நாங்கள் கணக்கிடவில்லை. கணக்கிட நேரம் தந்தால் கணக்கிட்டு, வருவதை எழுதுவோம். தராவிட்டால் கையெழுத்திட மாட்டோம். அவ்வளவே.

தயவுசெய்து எழுந்திருக்காதீர்கள் அக்கா. தொலைபேசியை எடுக்காதீர்கள். யாரையும் கேட்கப் போகாதீர்கள். இம்முறை இது எங்கள் முறை.

முழங்கால் வலி முற்றும் அகன்று, சர்க்கரை சொன்ன எல்லைக்குள் நின்று, கண்ணும் காதும் கூர் குன்றாமல், அண்ணாவோடு நெடுந்தூரம் நடந்து, வெண்பாவின் வாழ்வு வளரக் கண்டு, நூறாண்டையும் தோராயமென்று தாண்டி, நீங்கள் நீடு வாழ வேண்டும்! உங்கள் நாவின் காரமும் நெஞ்சின் ஈரமும் என்றும் வற்றாதிருக்க வேண்டும்! உங்களைப் பாராட்டக் கூடாது என்றவர்கள் பார்க்கும்படி, பல்லாண்டு பல்லாண்டு நீங்கள் நலமோடு நடமாட வேண்டும்!

திங்கட்கிழமை பதில் வரும். அகிலன், டயான் ஆகிய நாங்கள் இருவரும் வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போவோம்.

இங்ஙனம்,
உங்களிடம் திட்டு வாங்கிய, இன்னும் வாங்க விரும்பும்
அகிலன், டயான், விசாலாக்ஷி
(சான் ஹோசேயிலிருந்து திரையில்) வேலுமணி
நிலக் கணிப்புக் குழு, வெஸ்ட் வின்ட்சர், நியூ ஜெர்சி